மூன்று பிள்ளைகள், மூன்று வெவ்வேறு வயது, ஒரு அம்மா: எந்தப் பாடத்திட்டத்தை எடுப்பது?

ஈரோட்டுக்கும் கொடுமுடிக்கும் நடுவில், காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் கரும்பும் போடுகிற ஒரு குடும்பத்திலிருந்து அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். எம்.சி.ஏ. படித்தவர். பெரிய மகளுக்கு 13 வயது, தை மாதம் 14 ஆகிறது. பையனுக்கு 9, சின்னவளுக்கு ஐந்தரை. பெரியவள் படித்த தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கே இரவு எட்டரை வரை ஸ்டடி. அவளுக்குத் தினமும் காலையில் வயிற்று வலி. டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்றுவிட்டார். பையன் மூன்றாம் வகுப்பு முடித்தும் தமிழோ இங்கிலீஷோ கோர்வையாகப் படிக்க வரவில்லை. மே மாதம் இரண்டு பேரையும் வீட்டிலேயே படிக்கவைக்கலாம் என்று பெற்றோரே பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஃபீஸ் பாக்கி இருந்ததால் மாற்றுச் சான்றிதழை, அதாவது டிசியை, வாங்கவில்லை.

வெளிநாட்டுப் பாடத்திட்டப் பெட்டிகள் மூன்றை, பிள்ளைக்கு ஒன்றாக, 54,000 ரூபாய் கொடுத்து வரவழைத்திருக்கிறார். காலை எட்டிலிருந்து மூன்று மணி வரை அட்டவணை. ஆடி முடிவதற்குள் தொண்டை கட்டிவிட்டது. "பெரியவளுக்கு அல்ஜீப்ரா சொல்றப்ப பையன் எந்திரிச்சுப் போயிடறான், பையனைப் புடிச்சு உட்கார வெச்சா சின்னவ அழுவறா. மாமா சந்தைக்குப் போனாத் தலை காட்ட முடியலைங்கறாரு." அவருடைய கேள்விகள்: மூன்று பேருக்கும் ஒரே பாடத்திட்டமா, தனித்தனியா? இது சட்டப்படி தப்பா? பெரியவள் டாக்டருக்குப் படிக்க முடியுமா? கடைசியில் பன்னிரண்டாவதை ஓபன் ஸ்கூலில் ஒரே வருஷத்தில் எழுதிக்கொள்ளலாம் என்கிறார்களே, அப்படியானால் இப்போது எதைப் படித்தால் என்ன?

அம்மிணி, அப்படிக் கூப்பிடுகிற வயசு எனக்கு இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். பாதி ஆயுள் அரசு தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு, இப்போது பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் பழைய பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வந்தது. ஒரே அறை, நான்கு வகுப்பு, முப்பது பிள்ளைகள், நான் ஒருத்தி. முதல் வருஷம் நீங்கள் செய்வதையேதான் நானும் செய்தேன். நாலாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது ஒண்ணாம் வகுப்பு கத்தும், ஒண்ணாம் வகுப்பைப் பார்த்தால் மூணாம் வகுப்பு சண்டை போடும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பேச்சு வராது. அதனால் உங்கள் தொண்டையின் கதை எனக்கு நன்றாகவே தெரியும்.

பெட்டியைப் பிரித்துப் பாருங்கள்

2007-08இல் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் செயல்வழிக் கற்றல் வந்தது. ஆந்திராவில் இருக்கிற ரிஷிவேலி பள்ளியில் சின்னச் சின்ன கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறைதான் அதற்கு மூலம். ஒண்ணிலிருந்து நாலு வரை பிள்ளைகள் பாயில் கலந்து உட்காருவார்கள். சுவரில் ஒரு ஏணிப்படி அட்டை தொங்கும். எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அதற்கான அட்டையைத் தானே போய் எடுத்துக்கொண்டு வரும், முடித்ததைத் தன் உயரத்துக்கு இருக்கிற கரும்பலகையில் எழுதிக்காட்டும், படம் வரைந்தால் கம்பிப் பந்தலில் மாட்டும். நான் செய்ய வேண்டியது படி தடுக்கிய பிள்ளையோடு உட்காருவது மட்டும்தான். குறைகள் இருந்தன, அட்டை கிழிந்தால் மாற்று வராது, பெற்றோர் "புத்தகமே திறக்கறதில்லை" என்று சண்டைக்கு வருவார்கள். ஆனால் ஒரு விஷயம் எனக்கு அங்கேதான் விளங்கியது: வயதை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்க வேண்டியதில்லை, பாடத்தைத்தான் பிரிக்க வேண்டும். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையை வைத்துத்தான் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள்.

சில பாடங்கள் ஏணி மாதிரி. கணக்கு, வாசிப்பு, எழுத்து. ஒரு படி விட்டால் அடுத்த படியில் கால் வைக்க முடியாது. இவை மூன்று பேருக்கும் தனித்தனியாகத்தான் நடக்கும், வேறு வழியில்லை. மற்றதெல்லாம் களத்து மேடு மாதிரி, யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கத்திலிருந்தும் ஏறலாம். அறிவியல், வரலாறு, புவியியல், கதை, பாட்டு, கைவேலை இதெல்லாம் அந்த வகை. மூன்று பேருக்கும் ஒரே பாடம், கேட்கிற கேள்வி மட்டும் வேறு. நீங்கள் வாங்கிய மூன்று பெட்டியும் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி மும்மூன்று தடவை உங்கள் தலையில் ஏற்றியிருக்கிறது. ஒரு நாளைக்குப் பதினைந்து பாடம் எந்த மனுஷியாலும் நடத்த முடியாது.

களத்து மேடு என்றேனே, உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓடுகிற வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது, பவானி ஆற்றில் தொடங்கி நொய்யல் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஒரு பாம்பு வளைந்து வளைந்து வழிகாட்டியது என்று நம் பக்கத்தில் கதை சொல்வார்களே, அதைச் சின்னவளுக்கு அப்பாருவே, அவள் தாத்தாவே, சொல்லட்டும், அவள் கேட்டுவிட்டுப் பாம்பையும் வாய்க்காலையும் வரையட்டும். பையன் ஒரு வரைபடத்தின் மேல் நூலை வளைத்து வைத்து வாய்க்காலின் நீளத்தை அளக்கட்டும், அப்புறம் இரண்டு முனைக்கும் நேராக ஸ்கேலை வைத்துப் பார்க்கட்டும், இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கழித்துச் சொல்லட்டும். பெரியவளிடம், ஏன் நேராக வெட்டவில்லை என்று கேளுங்கள். மேட்டைச் சுற்றிக்கொண்டு மெல்லிய சரிவில் போனால்தான் தண்ணீர் கரையை அரிக்காமல் கடைசி வயல்வரை போகும் என்பதை அவளே வரைந்து கண்டுபிடிப்பாள். சாயக் கழிவும் தோல் கழிவும் இந்தத் தண்ணீரில் கலந்த கதை அவளுடைய வேதியியல் பாடம். ஒரு வாரம் ஓடும். உங்கள் தொண்டைக்கு ஒரே ஒரு பாடம்தான்.

கணக்குக்கும் வாசிப்புக்கும் காலையில் ஆளுக்கு இருபத்தைந்து நிமிஷம், உங்கள் முழுக் கவனத்தோடு. சின்னவளுக்கு அதுகூட வேண்டாம், பத்து நிமிஷம் போதும். ஒருவரோடு நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது மற்ற இருவரும் தாங்களாகச் செய்கிற வேலையில் இருக்க வேண்டும், அந்த வேலையை முந்தின நாள் ராத்திரியே எடுத்து வைத்துவிடுங்கள். பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை இப்படி உண்மையாக நடந்தால் போதும். பள்ளியில் ஏழு மணி நேரம் என்றால் நாற்பது பிள்ளைகளுக்குச் சேர்த்து, அதை வீட்டுக்குள் அப்படியே கொண்டு வராதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பெரியவளை வாத்தியார் ஆக்காதீர்கள். "அக்கா சொல்லிக் குடுப்பா" என்று நம் வீடுகளில் ரொம்ப சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தினம் கால் மணி நேரம் தம்பிக்குக் கதை படித்துக் காட்டினால் இருவருக்கும் நல்லது. அதற்கு மேல் போனால் அவளுடைய படிப்பு நேரத்தை எடுத்துத் தம்பிக்கும் தங்கைக்கும் கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

சமச்சீர் மட்டம் என்று யார் சொன்னது?

"சமச்சீர் ரொம்ப ஈஸி, அதனால அந்தப் பக்கமே போகலை" என்று நம் மாநிலப் பாடத்திட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 2018க்குப் பிறகு வந்த புத்தகங்களை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், குறிப்பாக ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியல். பலரும் பழைய புத்தகத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழ்வழி ஆங்கிலவழி இரண்டும். பிள்ளைகள் ஒரு நாள் பள்ளிக்குத் திரும்ப நேர்ந்தால் இடைவெளி தெரியாமல் உட்காரலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பையனுக்கும் பெரியவளுக்கும் இதைத்தான் முதுகெலும்பாக வைப்பேன். மத்திய அரசின் என்சிஇஆர்டி புத்தகமும் இலவசம்தான், கணக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பெட்டிகளை என்ன செய்வது? கதைப் புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள், நல்லவையாகத்தான் இருக்கும். நாள் வாரியான அட்டவணையைக் கட்டி அட்டாலியில் போட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, சின்னவள் பெட்டியில் வந்த நாணயப் படத்தைப் பார்த்து நிக்கல், டைம் என்று அமெரிக்கக் காசை எண்ணுகிறாள் என்று. அவள் கையில் ஒரு நாளும் வராத காசு அது. சந்தைக்குக் கூட்டிப் போய்ப் பத்து ரூபாய்க் காசைக் கொடுத்துக் கொத்தமல்லிக் கட்டு வாங்கச் சொல்லுங்கள், மீதிக் காசை எண்ணி வாங்கட்டும். மஞ்சள் மண்டியில் விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை, குவிண்டால் கணக்கு. பையனுக்குப் பெருக்கல் சொல்லித்தர உங்கள் மாமனாரை விட நல்ல ஆள் கிடைக்க மாட்டார். அவர் தலை காட்ட முடியவில்லை என்கிறார் அல்லவா, அவருக்கு இந்த வீட்டுப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். 54,000 ரூபாய் போனது போனதுதான், அந்தப் பணத்துக்காகப் பிள்ளைகளைப் பெட்டியோடு கட்டிப் போட வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது

போலீஸ் வரும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். வராது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கல்வியை உரிமை ஆக்குகிறது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்றும் சொல்கிறது. மீறுகிற பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எழுதவில்லை. அதே நேரம் வீட்டுவழிக் கல்வியை அது அங்கீகரிக்கவும் இல்லை. "இந்தியாவில் ஹோம் ஸ்கூலிங் லீகல்" என்று நண்பர்கள் அடித்துச் சொல்வதும் முழு உண்மை இல்லை. தடுக்கவும் இல்லாத, அனுமதிக்கவும் இல்லாத ஒரு நடுவாந்திரத்தில்தான் நிற்கிறீர்கள்.

நடைமுறையில் வருவது பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு. கல்வித் துறையின் மாணவர் பதிவேடான எமிஸில் உங்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் இல்லாமல், காமன் பூல் என்கிற பொதுப் பட்டியலில் கிடந்தால் ஆசிரியப் பயிற்றுநரோ பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரோ வீட்டுக்கு வந்து கேட்பார்கள். ஒளிக்காதீர்கள், பொய்யும் சொல்லாதீர்கள். பிள்ளைகளின் நோட்டு, செய்த வேலை, தேதி போட்ட ஒரு குறிப்பேடு எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுங்கள். அவர்கள் தேடி வருவது வேலைக்குப் போகிற பிள்ளையை, கல்யாணம் பேசுகிற பிள்ளையை. அந்தத் தேடல் நல்லது, அதனோடு சண்டை போடாதீர்கள்.

டிசியை உடனே வாங்குங்கள், அதற்குத் தள்ளிப்போட நேரமே இல்லை. ஃபீஸ் பாக்கிக்காக டிசியைப் பிடித்து வைக்கக் கூடாது, அதில் பாக்கி என்று எழுதவும் கூடாது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுங்கள். பாக்கியை அப்புறம் தவணை பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

பெரியவளின் பத்தாவது

இங்கேதான் உங்கள் கணக்கு தவறுகிறது. சின்னவர்களுக்கு முன்னிருந்து யோசிக்கலாம், பதின்மூன்று வயதுக்குப் பின்னிருந்து யோசிக்க வேண்டும். கடைசியில் எந்தத் தேர்வு என்று முடிவானால்தான் இப்போது எந்தப் புத்தகம் என்பது தெரியும்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், என்ஐஓஎஸ் என்பார்களே அதில், பத்தாவதுக்கு 14 வயது முடிந்திருக்க வேண்டும். தை கழிந்தால் உங்கள் மகள் தகுதி. குறைந்தது ஒரு மொழியோடு ஐந்து பாடம், வருஷத்துக்கு இரண்டு பொதுத் தேர்வு, பதிவு ஐந்து வருஷத்துக்குச் செல்லும். ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டாம், இரண்டு, அப்புறம் மூன்று என்று எழுதலாம். வயிற்று வலியோடு பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைக்கு இந்த வசதி சின்ன விஷயம் இல்லை. தமிழை ஒரு பாடமாக எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் இடையில் இரண்டு வருஷம் இருந்தே ஆக வேண்டும், ஒரே வருஷத்தில் முடித்துத் தருகிறோம் என்று போர்டு வைத்திருக்கிற ஏஜென்டுகளிடம் போகாதீர்கள். பதிவை நீங்களே இணையத்தில் செய்யலாம்.

மாநிலத் தேர்வையே தனித்தேர்வராக எழுதுவது இன்னொரு வழி. பத்தாவதுக்குப் பதினான்கரை வயது, எட்டாவது தேறியதற்குச் சான்று, அறிவியல் செய்முறைப் பயிற்சி மூன்றும் வேண்டும். டிசிக்கு ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்று இப்போது புரியும். சிபிஎஸ்இயில் பள்ளிக்கே போகாத பிள்ளை நேராகத் தனித்தேர்வர் ஆக முடியாது. வெளிநாட்டு வாரியமான கேம்பிரிட்ஜின் தேர்வை எழுதலாம், பாடத்துக்குப் பாடம் பணம், தேர்வு மையம் தேடி அலைய வேண்டும், அப்புறம் அது நம் பத்தாவதுக்குச் சமம் என்கிற இணைச்சான்று வாங்க வேண்டும். உங்கள் சூழ்நிலைக்கு நான் சொல்ல மாட்டேன்.

டாக்டர் கனவு: திறந்தநிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் எடுத்துப் படித்தவர்கள் நீட் எழுதலாம். அது மூடிய கதவு இல்லை. ஆனால் பதினொன்று, பன்னிரண்டில் ஆய்வகம் இல்லாமல், கேட்டுப் பேச ஒரு ஆசிரியர் இல்லாமல் அறிவியல் படிப்பது பெரிய பாரம். நான் பார்த்தவரை, பத்தாவதை வீட்டிலிருந்து எழுதிவிட்டு பதினொன்றில் அமைதியான ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் சேர்வது இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு நன்றாக அமைந்திருக்கிறது. அந்தப் பள்ளியை இப்போதே போய்ப் பார்த்து, என்ஐஓஎஸ் சான்றோடு எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டுவிடுங்கள். அரசு வேலைக்கு அந்தச் சான்று இணையா என்பதில் தமிழக அரசின் அன்றைய ஆணையைப் பதிவு செய்யும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், வாய்ச் சொல் போதாது. கல்லூரிக் கலந்தாய்வுகளில் தமிழ்நாட்டில் படித்ததற்குப் பள்ளிச் சான்று கேட்பார்கள், அது இல்லாத பிள்ளைக்கு இருப்பிடச் சான்றிதழ் கை கொடுக்கும்.

பையன்

சோம்பேறி என்று எழுதியிருக்கிறீர்கள். "வாயால கேட்டா எல்லாம் டக்குனு சொல்லிடுவான், புஸ்தகத்தைப் பார்த்தாத்தான் தண்ணி குடிக்கணும், ஒண்ணுக்குப் போகணும்" என்றும் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது வரியை நான் மூன்று தடவை படித்தேன். இரண்டு மொழியிலும் திணறுகிறான், மூன்று வருஷம் பள்ளிக்குப் போயும் எழுத்துக் கூட்டத் தடுமாறுகிறான், ஆனால் புத்தி கூர்மை. இது கற்றல் குறைபாடாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கடிதத்தை வைத்து நான் சொல்லக் கூடாது. முதலில் கண்ணும் காதும் பாருங்கள். அப்புறம் பெருந்துறையில் அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே குழந்தைகள் பிரிவில் கேட்டுக் கற்றல் குறைபாட்டுக்கான பரிசோதனைக்கு வழி கேளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இது சேர்ந்திருக்கிறது. சான்று இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு. எந்தப் பாடத்திட்டத்தை வாங்கினாலும் இதைச் சரிபார்க்காமல் வாங்கினால் அவனுக்கு அடுத்த பெட்டியும் இதே பெட்டிதான்.

திரும்பிப் போகும் கதவு

"எப்ப வேணாலும் பள்ளியில சேர்த்துக்கலாம்" என்கிறீர்கள். சின்னவர்கள் இருவருக்கும் அது சரி, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து விட்டுப்போனதற்குச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பெரியவளுக்கு அது பொருந்தாது, அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நிற்கிறது. ஒன்பதாவதில் இடம் என்பது அந்தப் பள்ளி மனது வைத்தால்தான்.

இன்னொன்று, இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் கல்லூரிப் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதற்கும் ஆறாம் வகுப்புதான் தொடக்கம். பெரியவளுக்கு ஒதுக்கீடு ஏற்கெனவே போய்விட்டது. பையனுக்கு இன்னும் போகவில்லை. அதனால் அவனுக்கு வீட்டுப் படிப்பு என்பதை இப்போதைக்கு ஐந்தாம் வகுப்பு முடியும் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆறாவதில் உங்கள் ஊர் அரசுப் பள்ளியைப் போய்ப் பார்த்துவிட்டு அப்போது முடிவெடுங்கள். சின்னவளுக்கு இன்னும் ஆறே ஆகவில்லை, அவளுக்கு அவசரமே கிடையாது.

அம்மிணி, நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மாமா என்ன சொன்னார், பள்ளி என்ன சொன்னது, பெட்டி விற்றவர் என்ன சொன்னார், எல்லாம் இருக்கிறது. பெரியவள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. டாக்டர் ஆகணும் என்பது அவள் சொன்னதா, அவளுக்காக வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பதா? வயிற்று வலி நின்றுவிட்டதா? அவளுக்குத் தோழிகள் இருந்தார்களே, அவர்களை மே மாதத்துக்குப் பிறகு பார்த்தாளா? இந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி தங்கையை அப்பாருவிடம் விட்டுவிட்டு, அவளை மட்டும் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் கொஞ்ச தூரம் நடந்து போங்கள். படிப்பைப் பற்றி நீங்களாக எடுக்க வேண்டாம். அவள் பேசியதை வைத்துக்கொண்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள், ஒன்பதாவதா, என்ஐஓஎஸ்ஸா என்பதை அப்போது சேர்ந்து பார்ப்போம். அதற்குள் டிசி கையில் இருக்கட்டும்.